முப்பத்திரண்டு தவளைகள்

பாப்பா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். ஒரு அழுகைச் சத்தம் வெளியே போனால் போதும், தெரு முழுக்க வாசலில் வந்து நிற்கும். நின்றுவிட்டால் அதற்கப்புறம் அவளை யார் வெளியே விடுவார்கள்? சாவு வீட்டிலிருந்து பிணம் போவதற்கு முன்னால் ஒரு துரும்புகூட வெளியே போகக்கூடாது என்பது அந்தத் தெருவின் சட்டம். கிறிஸ்து வேதத்தில் சேர்ந்து மூன்று தலைமுறை ஆகியும் அதை மட்டும் யாரும் விடவில்லை.

பாயில் அவள் புருஷன் ஏசுபாதம் கிடந்தான். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் மூச்சு நின்றது. கண்ணை அவளே மூடினாள், தாடையைத் துண்டால் கட்டினாள், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து முடிந்தாள். எல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டு, சிம்னி விளக்கை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், மண்தொட்டியின் மேல் போட்டிருந்த ஈரச்சாக்கை விலக்கினாள். உள்ளே நாற்பது தவளைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கிடந்தன. எட்டு மணிக்குள் அதில் முப்பத்திரண்டு காலேஜுக்குப் போயாக வேண்டும்.

ஒவ்வொன்றாகப் பிடித்துத் தொண்டையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுத்த மடிப்பு இருந்தால் ஆண். அது வேறு சாக்குக்குள் போனது. மடிப்பு இல்லாதது பெண். வயிறு நிறைய முட்டை வைத்திருக்கும், அறுத்தால் முட்டைதான் கண்ணில் படும், பரீட்சைக்கு வந்த பையன் ரத்தக்குழாயைத் தேடித் தேடிக் கண்கலங்குவான். ஆகையால் பிராக்டிகலுக்கு ஆண் தவளைதான். இதெல்லாம் ஏசுபாதம் சொல்லிக் கொடுத்தது. அவன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கேட்டுவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். ஆம்பளைத் தவளையாகப் பார்த்துப் பொறுக்குவதற்கா உனக்குச் சம்பளம் என்று கேட்டாள். அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஆமாம் என்றான்.

ஒரு வாரமாகவே காய்ச்சல். மார்பில் சளி கட்டி, மூச்சுவிட்டால் உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது. மருந்து வாங்கிக் கொடுத்துப் படுக்கச் சொன்னால் படுத்திருக்கக்கூடாதா? மூன்றாம் நாளே வலையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். மாசி வெயிலில் கொளவாய் ஏரி சுருங்கிப்போய், தவளையெல்லாம் பாழுங்கிணற்றிலும் சேற்றுக்குள்ளும் இறங்கிவிட்டிருந்தன. "போவாத, செத்துப்பூடுவ" என்று பாப்பா வாசலில் நின்று கத்தினாள். இடுப்பளவு சேற்றில் மூன்று சாயங்காலம் நின்று நாற்பது பிடித்தான். அதற்கு மறுநாள் எழுந்திருக்கவில்லை. நேற்று முழுக்கப் பேச்சில்லை. கடைசியாக ஒருமுறை கண்ணைத் திறந்து, பொறுக்கிவிட்டாயா என்று மட்டும் கேட்டான். பொறுக்கிட்டேன் என்று அவள் பொய் சொன்னாள்.

இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று. அடுத்தது கைநழுவிச் சுவரோரம் தாவியது. விளக்கை வைத்துவிட்டுத் தவழ்ந்துபோய்ப் பிடித்தாள். அந்த நாசமாய்ப்போன ஜந்துவைக் கையில் பிடித்திருந்தபோது, அதைத் தரையில் அடித்துக் கொன்றுவிடலாமா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. உன்னால்தானே என் புருஷன் போனான் என்று அதன் முகத்தைப் பார்த்தாள். பிறகு தொண்டையைத் திருப்பிப் பார்த்துச் சாக்குக்குள் போட்டு வாயைக் கட்டினாள்.

ஏசுபாதத்துக்குக் காலேஜ் என்றால் ஒரு பைத்தியம். செங்கல்பட்டை விட்டுத் திருக்கழுக்குன்றம் சாலையில் ஒன்றரை மைல் போனால் ஓடு வேய்ந்த மூன்று கட்டடம், காரை போட்ட ஒரு கட்டடம், நாலு வேப்பமரம். அதுதான் காலேஜ். அங்கே ஜூவாலஜி லேபில் பதினெட்டு வருஷமாக அவன் அட்டெண்டர். மேஜை துடைக்கிற வேலை, தட்டு கழுவுகிற வேலை, தவளை பிடிக்கிற வேலை. அதை அவன் சொல்லிக்கொள்கிற தோரணையைக் கேட்டால் கலெக்டர் உத்தியோகம் என்று நினைப்போம். பிள்ளைகுட்டி இல்லாத மனுஷன். வருஷா வருஷம் வருகிற பையன்களை நம்ம பசங்க, நம்ம பசங்க என்பான். ஒருமுறை காலேஜ் விழாவில் பிரின்சிபால் பேசும்போது, இங்கே என் வேலைக்கும் மணி அடிக்கிறவர் வேலைக்கும் வித்தியாசம் கிடையாது, எல்லோரும் சேர்ந்து செய்கிற ஒரே வேலைக்குத்தான் கல்லூரி என்று பெயர் என்று சொன்னாராம். கைதட்டிவிட்டு எல்லோரும் மறந்துபோனார்கள். பந்தலுக்குப் பின்னால் சோடாப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நின்ற ஒருத்தன் மட்டும் அதை நிஜமென்று எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டான்.

அவளுக்கும் பாடம் நடத்துவான். வாத்தியார்களைச் சாமி என்று கூப்பிடாதே, சார் என்று கூப்பிடு, காலேஜில் சாமி கிடையாது என்பான். ஒரு தடவை சுறாக்குட்டி வேண்டுமென்று அவளையும் மகாபலிபுரம் குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். திரும்பி வருகையில் நாற்றம் தாங்காமல் கண்டக்டர் திருக்கழுக்குன்றத்தில் இருவரையும் இறக்கிவிட்டார். ஒன்பது மைல், வெயில், தலையில் சுறாக் கூடை. மலைமேல் வருகிற கழுகுக்கு இந்த வாசனை போனால் கூடையோடு உன்னையும் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று வழி நெடுகச் சிரிக்கவைத்தபடியே கூட்டி வந்தான். ரெண்டு வருஷம் கழித்து, அந்தச் சுறாவை அறுத்த பையன் மெட்ராஸில் டாக்டருக்குப் படிக்கிறான் என்று சொல்லி, அது நீ தூக்கி வந்ததுதான் என்றான். அன்றைக்கு அவளுக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமாகத்தான் இருந்தது.

கணக்கு வாத்தியார் காசிநாதன் இறந்தபோது காலேஜுக்கு லீவு விட்டு, பையன்கள் கறுப்புப் பட்டை குத்திக்கொண்டு இரண்டு வரிசையாக நடந்தார்கள். கடைசியில் ஏசுபாதமும் நடந்தான். வீட்டுக்கு வந்து சோறுகூடச் சாப்பிடாமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தான். "நான் பூட்டாலும் அப்டித்தான் பாரு. காலேஜே எழுந்து வரும்." அவனுடைய அண்ணன் ஆபிரகாம் அப்போது அங்கே உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். தவளை பிடிக்கிறவன் செத்தால் தவளைகள்தான் லீவு விடும் என்றான். தெரு முழுக்கச் சிரித்தது. ஏசுபாதம் மட்டும் சிரிக்கவில்லை.

பாப்பா சாக்கைக் கூடையில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டு வேலிப் படலைத் திறந்து ஏரிக்கரையில் ஏறினாள். அவளுடைய கணக்கு இதுதான்: தவளையைக் கொடுத்துவிட வேண்டும், கொடுத்த கையோடு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வருஷத்தில் ஒரு பிராக்டிகலுக்கும் அவன் தவறினதில்லை, செத்த அன்றைக்கும் தவறவில்லை என்று தெரிந்தால் அவர்கள் வராமல் இருப்பார்களா? எல்லோரும் வருவார்கள். ஆபிரகாம் பார்க்கட்டும், அந்தத் தெரு பார்க்கட்டும். அவன் இத்தனை காலம் எதற்காகச் சேற்றில் நின்றான் என்பது பொய்யா மெய்யா என்று அவளுக்கும் தெரிந்தாக வேண்டும். சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக் கன்னத்தில் வழிந்தது. அதோடு சேர்த்துக் கண்ணீரையும் துடைத்துக்கொண்டாள்.

காலேஜ் கேட்டில் காவற்காரர் தனகோடி நின்றார். வேப்பமரத்தடியில் பையன்கள், வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறும் நாமமும், கையில் கத்தி கத்தரிக்கோல் வைத்த டப்பா. ஒருத்தன் முகத்திலும் ரத்தமில்லை. அவள் கூடையைப் பார்த்ததும் ஒல்லியான ஒரு பையன் பக்கத்தில் நின்றவன் முதுகில் தட்டினான்.

"டேய், நல்ல சகுனம்டா. சுமங்கலி எதுர்ல வர்றா, நெறைஞ்ச கூடையோட. பாஸ்தான் போ."

சுற்றி நின்ற பத்துப் பன்னிரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். பார்த்து, சிரித்தார்கள். கேலிச் சிரிப்பில்லை, பயந்துபோன பிள்ளைகளுக்கு ஒரு பிடி கிடைத்த சிரிப்பு. ஒருத்தன் அவள் கழுத்துக் கயிற்றைப் பார்த்துக் கையைக்கூடக் கூப்பினான். தாலி கழுத்தில் இருக்கிறது, கட்டினவன் பாயில் கிடக்கிறான். இப்போது வாயைத் திறந்து உண்மையைச் சொன்னால் இந்த முகமெல்லாம் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான், பரீட்சை நாளில் சாவுத் தீட்டோடு ஒரு ஆள் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான் என்று, வெளியிலிருந்து வந்த பரீட்சைக்காரர் அறை முழுக்கக் கழுவிவிடச் சொன்னார். ஒரு மணி நேரம் வெளியில் நின்ற பையன்களில் பாதிப் பேர் கை உதறி உதறியே தேறாமல் போனார்கள். ஏசுபாதம் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதை அவன் சொன்னது அவளுக்கு அப்படியே ஞாபகம் வந்தது.

ஜூவாலஜி சாரிடம் மட்டும் தனியாகச் சொல்லலாம் என்று லேபுக்குப் போனாள். மெழுகுத் தட்டுகள் முப்பத்திரண்டும் மேஜைகளில் வரிசையாக இருந்தன. போன வாரமே அவன் துடைத்து அடுக்கிவிட்டு வந்தவை. ஆணியில் அவனுடைய காக்கிக் கோட்டு தொங்கியது. சுவரோரம் கண்ணாடி ஜாடிக்குள் ஒரு சுறாக்குட்டி, வெளுத்துப்போய், வாயைத் திறந்தபடி. அது தன் தலையில் வந்ததுதானோ என்று ஒரு கணம் பார்த்தாள். கெமிஸ்ட்ரி அட்டெண்டர் வாசுதேவன் குளோரபாரம் பாட்டிலைத் திறக்கத் தெரியாமல் திணறிக்கொண்டிருந்தார்.

டெமான்ஸ்டிரேட்டர் வெங்கடராகவன் ஓட்டமும் நடையுமாக வந்தார். முப்பது வயதிருக்கும்; வேர்த்து விறுவிறுத்திருந்தார். சாக்கைப் பிரித்து இரண்டு தவளையை எடுத்துத் தொண்டையைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"எல்லாம் ஆணாப் பொறுக்கியிருக்கான். பிழைச்சேன் போ. ஏசுபாதம் எங்கே?"

பாப்பா அவரைப் பார்த்தாள். அவர் பின்னால் ஜன்னல் வழியே வேப்பமரத்தடி தெரிந்தது. அந்த ஒல்லிப் பையன் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டு நின்றான்.

"ஜொரம் சாமி. படுத்துகினு கீறாரு."

சாமி என்று சொல்லிவிட்டது அப்புறம்தான் உறைத்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"படுத்துக்கட்டும், பாவம். தவளை வந்துடுத்தோன்னோ, அது போதும்."

திரும்பிப் போகப் பார்த்தவரை அவள் மறித்துக்கொண்டு நின்றாள். அவள் அப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வரவேண்டும், அவர் உங்களை ஒரு தபா பார்க்கணும் என்று சொன்னார் என்றாள். ஏரிக்கரையைத் தாண்டி, மதகுக்கு அந்தப் பக்கம், கோயில் மணி தெரிகிற தெரு என்று வழியும் சொன்னாள். அந்தத் தெருவுக்கு அவரைப் போன்றவர்கள் வந்ததில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு, மத்தியானம் இரண்டாவது அணி முடிய நாலு மணி ஆகும், அதற்குமேல் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

கேட்டைத் தாண்டும்போது எட்டு மணி அடித்தது. யாரோ அடித்தார்கள், சரியாகத்தான் அடித்தார்கள். அவன் இல்லாமலும் கதவு திறந்தது, பையன்கள் உள்ளே போனார்கள், வேப்பமரத்தடி காலியானது. பாப்பாவுக்கு யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. உலுக்க யாரும் இல்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு ஏரிக்கரையில் ஓடினாள்.

பாதிக் கரையிலேயே ஒப்பாரி கேட்டது. இந்து வீட்டிலிருந்து வாக்கப்பட்டு வந்த ஆபிரகாம் பெண்சாதி வரலட்சுமி கஞ்சி கொண்டுவந்து கதவைத் திறந்து பார்த்திருக்கிறாள். வாசல் நிறையக் கூட்டம். பாப்பா உள்ளே நுழைந்ததும் ஒப்பாரி நின்றுபோனது. பிணத்தைத் தனியாகப் போட்டுவிட்டுப் போனவளை எல்லோரும் பார்த்தார்கள். ஆபிரகாமுக்கு அறுபது வயது. தம்பியை எப்போதும் கேலி பேசியே வளர்த்தவன். இப்போது அவன் கண் சிவந்து வீங்கியிருந்தது.

"எங்க பூட்ட?"

"காலேஜுக்கு. தவளை குடுக்க."

அவன் கையை ஓங்கினான். பிறகு அந்தக் கையாலேயே தன் தலையில் அடித்துக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தான். பாப்பா அப்போதுதான் பாயில் விழுந்து அழுதாள். காலையிலிருந்து அடைத்து வைத்திருந்தது அத்தனையும் வந்தது. எனக்கு என்ன வைத்துவிட்டுப் போனாய், ஒரு பிள்ளை வைத்தாயா, ஒரு வார்த்தை வைத்தாயா, நாற்பது தவளையை வைத்துவிட்டுப் போனாயே என்று அழுதாள். கேட்டவர்களில் சிலருக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை.

குளிப்பாட்டி, கல்யாணத்துக்கு வாங்கின வேட்டியை உடுத்தி, வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தினார்கள். உபதேசியார் வந்து ஜெபம் பண்ணினார். வெயில் நாள், உடம்பு தாங்காது, மத்தியானமே எடுத்துவிடலாம் என்றார். காலேஜிலிருந்து வருவார்கள், இருங்கள் என்றாள் பாப்பா. பத்து மணிக்குச் சொன்னாள், பன்னிரண்டு மணிக்குச் சொன்னாள். வருகிறவர்கள் ஒவ்வொருவராக உட்கார இடம் தேடியபோது, முன்னால் கொஞ்சம் விடுங்கள், காலேஜ் ஆட்கள் நிற்க வேண்டும் என்றாள். வரலட்சுமி தன் மூத்தவனை அனுப்பி இன்னொரு தரம் சொல்லிவிட்டு வரச்சொல்லட்டுமா என்று காதோடு கேட்டாள். நாலு மணி வரைக்கும் வேண்டாம், பையன்கள் பரீட்சையில் இருக்கிறார்கள் என்று பாப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வரலட்சுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

இரண்டு மணிக்குப் பிணத்தின் முகம் மாற ஆரம்பித்தது. வேப்பிலையால் ஈ ஓட்டிக்கொண்டிருந்த பாப்பாவின் எதிரில் ஆபிரகாம் வந்து குந்தினான். கோபமில்லாமல்தான் கேட்டான்.

"காலைல போனியே. செத்துட்டான்னு சொன்னியா அவங்ககிட்ட?"

வேப்பிலை நின்றது. பாப்பா அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"சொல்லல, மாமா."

"அப்போ யாருக்காவ காத்துகினு கீறோம்?"

கேட்டில் நின்ற பையன் சொன்னதை எப்படிச் சொல்வது? சுமங்கலி என்று சிரித்தான், அதனால் வாயை மூடிக்கொண்டேன் என்றா? பொய்யாக ஒருத்தரை வரச்சொல்லியிருக்கிறேன், அவர் வந்தாலும் வரலாம் என்றா? ஏசுபாதம் இருந்திருந்தால் அவனுக்குப் புரிந்திருக்கும். புரிகிற ஒரே ஆள் பெஞ்சில் கிடந்தான். தன் புருஷனுக்கு வரவேண்டிய கூட்டத்தைத் தானே தடுத்துவிட்டோம் என்பது வெயிலோடு வெயிலாக அவள் தலையில் இறங்கியது. அந்த மனுஷன் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். அதையும் கெடுத்துவிட்டேனே என்று மார்பில் அடித்துக்கொண்டாள். துக்கத்தில் அடித்துக்கொள்கிறாள் என்று பக்கத்திலிருந்தவர்கள் கையைப் பிடித்தார்கள்.

நாலு மணிக்கு அவளே எழுந்து ஆபிரகாம் காலைப் பிடித்தாள். இன்னும் அரை மணி, ஒரே ஒரு அரை மணி என்றாள். இப்போது ஆள் போய்ச் சொன்னால் வந்துவிடுவார்கள் என்றாள். ஆள் போய், அவர்கள் கிளம்பி, இத்தனை தூரம் வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். உபதேசியார் ஆறு மணிக்கு வேறு ஊரில் இருக்க வேண்டும். ஆபிரகாம் அவளைத் தூக்கி நிறுத்தினான். ஆனாலும் அரை மணி காத்தான். அந்த அரை மணியும் அவள் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ஆடு வந்தது, ஒரு தயிர்க்காரி வந்து கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிப் போனாள்.

நாலரைக்குத் தூக்கினார்கள். இருபது பேர் இருக்கும், எல்லோரும் அந்தத் தெருக்காரர்கள். அங்கே பெண்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிற வழக்கமில்லை; தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். பாப்பா முனையில் நின்று, ஏரிக்கரையில் ஏறி மதகுப் பக்கமாகப் போகிறவர்களை மறைகிற வரைக்கும் பார்த்தாள். முன்னால் இரண்டு வரிசையும் இல்லை, பின்னால் கறுப்புப் பட்டையும் இல்லை.

வீடு வெறிச்சென்று இருந்தது. வரலட்சுமி வாசலில் தண்ணீர் கொட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பாப்பா பின்பக்கத்திலிருந்து மண்தொட்டியை மெள்ள இழுத்து வந்து வேலி நிழலில் வைத்தாள். மிச்சமிருந்த எட்டும் பெண் தவளைகள். காலையிலிருந்து தண்ணீரில்லாமல் தோல் உலர்ந்து கிடந்தன. ஏரியில் கொண்டுபோய் விட்டுவிடு என்று வரலட்சுமி சொன்னாள். பாப்பா தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சைக்கிள் மணி கேட்டது. வெங்கடராகவன் வேலியோரம் இறங்கி நின்றார். பின்னால் கேரியரில் காலையில் அவள் விட்டு வந்த கூடை கட்டியிருந்தது, அதற்குள் சாக்கு மடித்து வைத்திருந்தது. வெளியிலிருந்தே, வந்த வேகத்தில் பேச ஆரம்பித்தார். பரீட்சை பிரமாதமாக நடந்ததாம். எந்தப் பையனும் இன்னொரு தவளை கேட்கவில்லையாம். மெட்ராஸிலிருந்து வந்த பரீட்சைக்காரர், இத்தனை பிராக்டிகல் பார்த்திருக்கிறேன், ஒன்றுகூடத் தப்பாகப் பொறுக்காத ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று ஏசுபாதத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாராம். வியாழக்கிழமை இன்னும் முப்பது வேண்டும், ஆனால் அவன் எழுந்திருக்க வேண்டாம், எங்கே பிடிக்கலாம் என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். சட்டைப் பையிலிருந்து இரண்டு சாத்துக்குடி எடுத்தார்.

"நாலு மணிக்கே கிளம்பியிருப்பேன். பேப்பரைக் கட்டி முத்திரை வைக்க அரை மணி ஆயிடுத்து. ஏரிக்கரையில ஒரு சாவு எதிர்ல வந்தது, ஒதுங்கி நின்னதில இன்னும் நாழி. எழுந்து உக்காந்துண்டானா?"

வரலட்சுமியின் கையில் துடைப்பம் அப்படியே நின்றது. அவள் வாயைத் திறந்தாள். பாப்பாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். பாப்பா எழுந்து வேலி வரைக்கும் வந்தாள்.

"எங்க ஒதுங்கி நின்னீங்க சார்?"

"மதகுகிட்ட. ஏம்மா?"

"செருப்ப கயட்டினீங்களா?"

"கழட்டினேன். யார் போனாலும் கழட்டறதுதானே."

"போனவரிக்கும் நின்னீங்களா?"

"நின்னேன். கரை திரும்பறவரைக்கும் நின்னேன்."

பாப்பா தலையை ஆட்டினாள். உதடு கோணிக்கொண்டு வந்ததை முந்தானையால் அழுத்திக்கொண்டாள்.

"போதும் சார்."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவளைத் தாண்டி, ஈரமாக இருந்த வாசலைப் பார்த்தார். சுவரில் சாய்த்துக் கழுவி வைத்திருந்த பெஞ்சைப் பார்த்தார். துடைப்பத்தோடு ஒதுங்கிக் கிடந்த நசுங்கின பூவைப் பார்த்தார். சாத்துக்குடி பிடித்த கை நீட்டினபடியே இருந்தது. சைக்கிளை வேலியில் சாய்த்தார், அது சரிந்தது, பிடித்து மறுபடியும் சாய்த்தார். காலையில் நீ, என்று ஏதோ ஆரம்பித்து அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, படலைத் திறந்து ஈர மண்ணில் வந்து நின்றார்.

பாப்பா கேரியரிலிருந்து கூடையை அவிழ்த்துச் சாக்கை எடுத்தாள். அதில் மருந்து வாசனை அடித்தது. வியாழக்கிழமைக்கு முப்பது என்றீர்களே, அதில் ஒன்றிரண்டு பெண் கலந்தால் ஒத்துக்கொள்வார்களா என்று கேட்டாள். அவள் சாக்கைத் தண்ணீரில் முக்கி எடுத்துத் தொட்டியின் மேல் விரித்தாள். ஒரு மூலை சரியாக நனையவில்லை. செம்பில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் மொண்டு வந்து அந்த மூலையில் ஊற்றினாள்.